மண்மேட்டுப் புள்ளியாடுகள்

மானுக்கும் மண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நீங்களும் நானும் கொஞ்சம் யோசிப்போம். உயிரொளி வாரியம் யோசிக்கவில்லை. மானின் காலை எடுத்துவிட்டு, கடைசி எழுத்தில் இரண்டு சுழியை மூன்று சுழியாக்கினால் மண். பெரம்பலூர் கிளை அலுவலகத்தில் டீ ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.

எறையூர் சர்க்கரை ஆலைக்கு மேற்கே, சுக்காம்பாறையும் சூரைமுள்ளுமாக அறுநூறு ஏக்கர் கிடந்தது. பழைய கணக்கில் அதற்கு மான்மேடு என்று பேர். பேர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு கல் தொலைவில் இருக்கும் காப்புக்காட்டிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வரும். மேட்டின் நடுவில் இருந்த குட்டையில் தண்ணீர் குடிக்கும். விடிவதற்குள் திரும்பிப் போகும். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அதுதான் அவை செய்த முதல் தப்பு.

அந்த இடத்தில் சூரிய மின்சாரப் பூங்கா கட்ட ஒரு கம்பெனி வந்தது. பூங்கா என்றதும் பூவைத் தேடாதீர்கள், கண்ணுகளா. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்புக் கண்ணாடிப் பலகைகள், அவற்றைச் சுற்றிப் பத்தடி உயரக் கம்பிவேலி, அவ்வளவுதான். அதைக் கட்டுவதற்கு 'உயிரினச் சேதம் இல்லை' என்று ஒரு சான்று வேண்டும். அதைக் கொடுப்பதற்கென்றே உண்டாக்கப்பட்டதுதான் உயிரொளி வாரியம். அதில் வனவிலங்குப் பிரிவு, கால்நடைப் பிரிவு, காட்டுக் காவல் பிரிவு என்று பல பிரிவுகள். வாசலில் 'ஒளியும் உயிரும் ஒன்றே' என்று எழுதியிருக்கும். ஒன்றே என்பதால் ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

சித்திரை மாதம், உச்சிவெயிலில், வாரியத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, இருபது நிமிடம் மேட்டைப் பார்த்தார்கள். அந்த வெயிலில் உலாத்துகிற அளவுக்கு எந்த மானுக்கும் புத்தி பிசகிவிடவில்லை. 'வனவிலங்கு: இல்லை. பறவை: இல்லை. ஊர்வன: ஓணான் ஒன்று, ஜீப் சக்கரத்தின் அடியில், உயிருடன் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அறிக்கையைத் தட்டச்சு செய்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. 'மான்மேட்டில் மான் இல்லை' என்று படித்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் சிரிப்பு வரும். மண்டல அலுவலர் முத்தமிழ்செல்வன் தமிழில் தோய்ந்தவர். வீட்டில் பால்காரரிடம்கூட இலக்கணமாகத்தான் பேசுவார் என்று சொல்வார்கள். அவர் பேனாவை எடுத்தார்.

"மான்மேடு என்பது மக்களின் கொச்சை வழக்கு. மண்மேடு என்பதே செவ்விய வடிவம். மண் உள்ள மேடு. எத்துணைப் பொருத்தம்!"

மண்மேட்டுக்குச் சான்று கிடைத்துவிட்டது.

பூங்காவனம் அந்தப் பூங்காவில் பலகை கழுவ வந்தவள். பக்கத்து ஊர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நாலு ஆட்டை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். மேய்ச்சலுக்கு இருந்த மேட்டை வேலி விழுங்கியதும் ஆடுகளை விற்றுவிட்டு, வேலிக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்தாள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலை பக்கத்திலேயே இருப்பதால் பலகைகளில் தினமும் மாவு பூசினாற்போல வெள்ளையாகப் புழுதி படியும். வெயில் ஏறிச் சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று விடியற்காலை ஐந்து மணிக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். டேங்கர் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி, நீளக் கம்பு வைத்த பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் கட்டையால் வழித்துவிட வேண்டும்.

வேலியின் கடைசித் துண்டை ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கேட்டைப் பூட்டிய மறுநாள். பூங்காவனம் ஒரு வரிசையைக் கழுவி முடித்துத் திரும்பினாள். பலகையின் விளிம்பிலிருந்து சொட்டுகிற அழுக்குத் தண்ணீரை ஒரு பெட்டை மான் நக்கிக்கொண்டிருந்தது. அதன் இடது காது நுனியில் கிழிந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் ஆறு நின்றன. கொம்பன் ஒன்று, பெட்டைகள் மூன்று, குட்டிகள் இரண்டு. குட்டையை மண் தள்ளி மூடியிருந்தார்கள். போக வழியில்லை; வந்த வழியை வேலி அடைத்துவிட்டது.

பூங்காவனம் நேரே கேட்டுக்கு ஓடினாள். கேட்டில் காவல் இருந்தவர் பேர் ஆண்டவர்.

"ஆண்டவர் அண்ணே, உள்ளார ஏழு மான் மாட்டிக்கிச்சு. ஒரு மணி நேரம் கேட்டைத் தொறந்து வுடுங்க, அதுங்களே போயிடும்."

"எம் பேரு ஆண்டவர்தான் தாயி. அதுக்காக நெனச்சப்ப தொறக்க இது என்ன சொர்க்கவாசலா? மேனேஜர் ஆர்டர் வேணும்."

மேனேஜர் தர்மராஜ் அவள் வாயிலிருந்து முதல் எழுத்து வந்ததுமே கையை உயர்த்தினார்.

"ஏம்மா, அந்த வார்த்தைய இங்க சொல்லாத. அது இல்லைன்னுதான் நமக்கு அனுமதியே குடுத்துருக்காங்க. இருக்குன்னா அனுமதி போச்சு. அனுமதி போச்சுன்னா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. புரியுதா?"

"புரியுதுங்க சார். கேட்டை மட்டும் தொறங்க."

"எதுக்காகத் தொறந்தோம்னு ரிஜிஸ்டர்ல எழுதணுமே! வாரியத்துல போயி ஆர்டர் வாங்கிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை பலகை கழுவுவது கிடையாது. அந்த ஞாயிறு முழுக்க ஏழுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திங்கட்கிழமை பூங்காவனம் ஒரு வேலை செய்தாள். வரிசை முடிகிற இடத்தில் பள்ளம் தோண்டி, பலகை சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளை அதில் விரித்து, கழுவின தண்ணீரை அதில் தேக்கிவைத்தாள். பிறகு பஸ் ஏறிப் பெரம்பலூர் போனாள்.

வாரியத்தின் வனவிலங்குப் பிரிவில் ஒரு எழுத்தர் இருந்தார். வடையைக் கோப்பின் மேல் வைத்திருந்தார். எண்ணெய் ஊறி அந்தக் கோப்பின் பேர் அழிந்துபோயிருந்தது.

"பாதிக்கப்பட்டது யாரு?"

"மானுங்க சார்."

"மண்ணா?"

"மான்."

"எந்த ஊரு?"

"மான்மேடு."

எழுத்தர் கணினியில் தேடினார். "அப்படி ஒரு ஊரே இல்லையே. மண்மேடுன்னு ஒண்ணு இருக்கு. அதுல மண்ணு இருக்கத்தாம்மா செய்யும். அதுக்கு எதுக்கு மனு?"

"அய்யா, புள்ளி போட்டுக்கிட்டு, நாலு காலோட, கொம்பு வச்சுக்கிட்டு நிக்குது. நீங்களே வந்து பாருங்க."

"நாங்க ஏற்கெனவே வந்து பாத்துத்தான் இல்லைன்னு எழுதியிருக்கோம். இப்ப இருக்குன்னு சொன்னா வாரியம் பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும். வாரியம் பொய் சொல்லாது. அப்ப யாரு பொய் சொல்றது?"

பூங்காவனம் யோசித்துப் பார்த்தாள். "மானுங்களா சார்?" என்றாள்.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்று எழுத்தர் வடையை எடுத்துக் கடித்தார்.

ஆனாலும் எழுத்தில் வந்த மனுவை வெறுமனே போட்டுவைக்க முடியாது. பத்து நாள் கழித்து முத்தமிழ்செல்வனே ஆய்வுக்கு வந்தார். தலைக்குமேல் குடை பிடிக்க ஒருவர், கழுத்தில் தொலைநோக்கி. கழுவும் நேரத்துக்குத்தான் மான்கள் வெளியே வரும் என்பதால் பூங்காவனம் குழாயைத் திறந்துவிட்டாள். ஏழும் வந்தன. பதினைந்தடி தூரத்தில் நின்று தண்ணீர் குடித்தன.

முத்தமிழ்செல்வன் தொலைநோக்கியை எடுத்து அவற்றைப் பார்த்தார். பிறகு தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது அவை தூரத்தில், சின்னதாக, கவலைக்கு இடமில்லாமல் தெரிந்தன.

"இவ்விலங்கு யாது?" என்றார்.

தர்மராஜ் தன் செருப்பைப் பார்த்தார். குடைக்காரர் குடையைப் பார்த்தார். பூங்காவனம் வாயைத் திறப்பதற்குள், அவளோடு கழுவுகிற வேணி முந்திக்கொண்டாள். வேணிக்கு வாய் சும்மா இருக்காது.

"அதுவா சார்? எங்க பூங்காவனத்தக்கா ஆடு வளத்துச்சுல்ல, அதுங்களுக்குப் பெரியம்மை போட்டுப் புள்ளி வுழுந்துருச்சு. புள்ளியாடுங்க சார்!"

பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். முத்தமிழ்செல்வன் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஒளியும் உயிரும் ஒன்றாகத் தெரிந்தது அப்போதுதான்.

"புள்ளியாடு!" என்றார். "புள்ளி என்பது புள்ளிவிவரத்தில் உள்ள சொல், ஆடு என்பது கால்நடைப் பிரிவில் உள்ள சொல். இரண்டும் நம் வாரியத்தின் வரம்புக்குள் உள்ளவை. குறித்துக்கொள்ளுங்கள்: மண்மேட்டில் ஆடுகள், ஏழு. உரிமையாளர், பூங்காவனம்."

"அய்யய்யோ, அவ கிண்டலுக்குச் சொன்னா சார்!" என்று பூங்காவனம் கத்தினாள்.

"ஆவணத்தில் கிண்டலுக்குத் தனிக் கட்டம் இல்லை, அம்மையே."

அதற்கப்புறம் அவை ஆடுகள். ஆடு என்றால் காதில் எண் பொறித்த வில்லை போட வேண்டும். கால்நடைப் பிரிவிலிருந்து டாக்டர் லாவண்யா வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். ஜீப்பிலிருந்து இறங்கினவள், மான்களைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள், மறுபடி மான்களைப் பார்த்தாள்.

"அம்மா, இது..." என்று பூங்காவனத்தின் காதருகில் வந்தாள்.

"ஆமா தாயி. அதேதான்."

"இதை வலை போட்டுப் பிடிச்சா பயத்துலயே செத்துடும்மா. ஆடு மாதிரி தாங்காது."

"அப்ப அதை எழுதிக் குடு தாயி, நீ படிச்ச புள்ள."

லாவண்யா தரையைப் பார்த்தாள். "இன்னும் நாலு மாசத்துலதான் எனக்கு வேலை நிரந்தரமாகும்மா," என்றாள்.

வலை விழுந்தது. மான்கள் பலகைகளுக்கு நடுவே ஓடி, கண்ணாடியில் தெரிந்த வானத்தில் முட்டி, விழுந்து எழுந்தன. ஆறு பேர் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து காதில் மஞ்சள் வில்லையை அடித்தார்கள். மூன்றாவதாகப் பிடித்த பெட்டை, வில்லை அடித்து விட்டதும் எழுந்திருக்கவில்லை. மூச்சு படபடவென்று அடித்துப் பிறகு நின்றது. கண் திறந்தபடியே இருந்தது. 'ஆடு ஒன்று, வெயில் தாக்கம்' என்று எழுதினார்கள். அன்றைக்கு வானம் மூடி, தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

மறு வாரம் ஒரு குட்டி வேலியைத் தாண்டப் பார்த்துக் கழுத்து கம்பியில் மாட்டிச் செத்தது. 'ஆடு ஒன்று, கவனக்குறைவு' என்று எழுதினார்கள். யாருடைய கவனக்குறைவு என்று எழுதவில்லை. பூங்காவனம்தான் அதை இறக்கினாள். கம்பியில் ஒட்டியிருந்த முடியைக் கழுவிவிடச் சொன்னார்கள். பலகை கழுவுகிற பிரஷ்ஷாலேயே கழுவினாள்.

ஐந்து மிச்சம். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தவளுக்கு ஒன்று தோன்றியது. விடிந்ததும் கேட்டருகே தர்மராஜ் முன்னால் போய் நின்றாள்.

"சார், அது என் ஆடுதானே?"

"ஆமா, ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப என் ஆட்ட நான் வூட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க."

ஆண்டவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். நியாயமான பேச்சுதானே! ஆனால் தர்மராஜ் போன் போட்டார். வாரியம் மறுத்துவிட்டது. ஏனென்றால் அதற்குள் அந்த ஐந்தும் ஒரு திட்டமாகிவிட்டன.

'மேய்ச்சலும் மின்சாரமும்' என்று திட்டத்துக்குப் பேர். பலகைகளின் நிழலில் ஆடு வளர்த்து இரட்டைப் பயன் பெற்ற முதல் பூங்கா மண்மேடு என்று அச்சடித்த தாள்கள் ஊர் ஊராகப் போயின. பார்க்க ஆட்கள் வந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒருவர், "இந்த ஆட்டுக்குக் கொம்பு கிளை கிளையாக இருக்கிறதே?" என்று கேட்டார்.

"மண்மேட்டுக் கலப்பினம்," என்றார் முத்தமிழ்செல்வன். "வாரியத்தின் ஆராய்ச்சி."

அந்தக் கொம்பன்தான் பிறகு வினையானது. அதற்குச் சேர்க்கைக் காலம் வந்தது. பளபளவென்று கழுவிவைத்த கண்ணாடியில் இன்னொரு கொம்பன் நிற்பதைப் பார்த்தது. பத்து நாளில் பதினோரு பலகைகளை முட்டி உடைத்தது. கம்பெனியிலிருந்து வாரியத்துக்குக் கடிதம் போனது. வாரியத்திலிருந்து பதில் வந்தது: 'அடங்காத கிடாயைக் கழித்துவிடுவது கால்நடை வளர்ப்பில் வழக்கமான முறை.'

கழித்துவிடுவதற்கு ஒரு நல்ல நாளும் தோதாக அமைந்தது. மண்மேட்டுக்கு 'உயிரினச் சேதமற்ற முன்மாதிரிப் பூங்கா' என்று விருது கொடுக்க, வாரியத்தின் தலைமையகத்திலிருந்து நடுவர்கள் வந்தார்கள். பந்தல் போட்டு, நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. சமையல்காரர் ஆட்டுக்கு எங்கே போவது என்று கேட்டபோது, தர்மராஜ் ரிஜிஸ்டரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ரிஜிஸ்டரில் ஆடு இருந்தது. வெளியில் வாங்குவானேன்?

அன்றைக்குக் கழுவும் பெண்களை மதியத்துக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள், இலை எடுப்பதற்கு. பூங்காவனம் வந்து முதலில் பள்ளத்தைத்தான் போய்ப் பார்த்தாள். கிழிந்த காதுப் பெட்டையும், பெரியதாகிவிட்ட குட்டியும் ஒன்றை ஒன்று ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. மற்ற மூன்றும் இல்லை. மின்சார அறைக்குப் பின்னால் தார்ப்பாய் ஒன்று கிடந்தது. ஈ மொய்த்தது. அவள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று தோல்கள். புள்ளிகள் அப்படியே இருந்தன.

பந்தலில் விருது கொடுத்து முடித்து, கையோடு விருந்தும் ஆரம்பித்திருந்தது. முன்வரிசையில் முத்தமிழ்செல்வன். மோதிர விரலில் கொழுப்பு வழிந்தது. உதட்டோரம் மஞ்சள் எண்ணெய். எலும்பை வாயில் வைத்து, கண்ணை மூடி, உறிஞ்சும் சத்தம் கேட்க உறிஞ்சினார். பக்கத்தில் இருந்த நடுவர் பல்லிடுக்கைச் சுண்டுவிரல் நகத்தால் நோண்டியபடி, "என்ன மெதுமை! என்ன மெதுமை!" என்றார். இலைக்கு இலை எலும்பு குவிந்தது. அவர்கள் தலைக்குமேல் பெரிய துணியில் எழுதியிருந்தது: 'ஒரு சிற்றுயிருக்கும் தீங்கில்லை.'

பூங்காவனம் தோலை இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள்.

"அடப் பாவிகளா! நீங்க திங்கறது மான்! ஆடு இல்ல, மான்! பாருங்கய்யா, தோலைப் பாருங்க! மான் கறியத் தின்னுபுட்டு மான் சாவலைன்னு விருது வாங்குறீங்களே, தொண்டைல எறங்குதா ஒங்களுக்கு?"

நூற்றிருபது வாய்களும் பாதி மென்றபடி நின்றன. யாருக்கும் விழுங்கத் தெரியவில்லை; துப்பவும் தெரியவில்லை. முத்தமிழ்செல்வன் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் மைக்கைப் பிடித்தார். மைக்கிலும் எண்ணெய் ஒட்டியது.

"அவையீர்! இந்த அம்மையார் இது மான் என்கிறார். ஒரு வாதத்துக்கு மான் என்றே வைத்துக்கொள்வோம். மான் எனில், பிடித்தது குற்றம். அறுத்தது குற்றம். சமைத்தது குற்றம். உண்டது குற்றம். அப்படியாயின் இப்பந்தலில் உள்ள நடுவர் பெருமக்களும், நானும், நீங்கள் அனைவரும் சிறைக்குச் செல்ல வேண்டியவர்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் சிறைக்குச் செல்லக்கூடியவர்களா?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இல்லை என்று தலையாட்டினார்கள்.

"ஆகவே இது மான் அன்று. சான்று ஒருபோதும் தவறாது. சான்றுக்கு முரணாகப் பிறந்த விலங்குதான் தவறு செய்திருக்கிறது. அத்தவற்றை நாம் திருத்திக்கொண்டிருக்கிறோம். உணவை வீணாக்காதீர்கள். வீணாக்குவது இயற்கைக்குச் செய்யும் துரோகம்!"

கைதட்டினார்கள். ஈரக்கையால் தட்டினதால் சத்தம் சளக் சளக்கென்று கேட்டது. பிறகு முன்னைவிட வேகமாகச் சாப்பிட்டார்கள். பசியால் அல்ல, கண்ணுகளா; இலையில் இருக்கும்வரை அது மான்கறி, வயிற்றுக்குள் போய்விட்டால் அது வெறும் சாப்பாடு. முத்தமிழ்செல்வன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு தர்மராஜின் காதில் சொன்னது பக்கத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்த வேணிக்குக் கேட்டது.

"எலும்ப ஒண்ணுவிடாமப் பொறுக்குய்யா. தோலைக் கொளுத்து. மிச்சம் ரெண்டு நிக்குதுல்ல, அது இன்னைக்கே இங்கேருந்து தொலையணும். அவ ஆடுதான, அவளையே ஓட்டிட்டுப் போவச் சொல்லு. நாளைக்கு எவனாவது கேமராவோட வந்தா நான் தொலைஞ்சேன்."

அவர் இலக்கணம் இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் பேசினதில் உண்மையாக இருந்ததும் அந்த ஒன்றுதான்.

இப்படியாக, ஏழு மானும் உயிரோடு இருந்தபோது திறக்காத கேட்டு, ஐந்து செத்த பிறகு திறந்தது. ஆண்டவர் இரண்டு கதவையும் அகலத் தள்ளிவிட்டு ஓரமாக நின்றார். ரிஜிஸ்டரில் என்ன எழுதுவது என்று அன்றைக்கு அவர் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் மான்கள் வரவில்லை. ஆட்களைக் கண்டாலே வலை என்று நினைத்து மறு கோடிக்கு ஓடின. ஓட்டினால் வேலியில் விழுந்து சாகும். பூங்காவனம் எல்லோரையும் விலகிப் போகச் சொன்னாள். டேங்கர் குழாயை எடுத்தாள். பள்ளத்தில் இருந்த தண்ணீரைக் கொட்டிக் காலியாக்கினாள். பிறகு அங்கிருந்து கேட்டு வரைக்கும் பத்தடிக்கு ஒரு கை தண்ணீராகத் தெளித்துக்கொண்டே பின்னோக்கி நடந்தாள். கேட்டைத் தாண்டியும், குழாய் எட்டின மட்டும் தெளித்தாள். வேணி டேங்கர் பக்கத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கிழிந்த காது முதல் ஈரத்தை முகர்ந்தது. நக்கியது. அடுத்த ஈரத்துக்கு வந்தது. குட்டி பின்னாலேயே வந்தது. அப்படியே ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு வந்து, கேட்டின் நடுவில் நின்று காற்றை மோந்தது. அதன் வயிறு கொஞ்சம் பெருத்திருந்ததைப் பூங்காவனம் அப்போதுதான் கவனித்தாள். பிறகு ஒரே தாவு. மஞ்சள் வில்லைகள் இரண்டும் மேற்கே சாலைப் பக்கம் போய் மறைந்தன.

அந்தச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓய்வதில்லை. காப்புக்காட்டுக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினவா என்று பூங்காவனத்துக்குத் தெரியவில்லை. அவளை அன்றோடு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விருந்தினரிடம் மரியாதைக் குறைவு என்று காரணம். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனாள். போகிற வழியெல்லாம் சாலையோரத்தில் எதையாவது அடித்துப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவாள்.

ஐந்து மாதம் கழித்து, ஆடியில், உயிரொளி வாரியத்தின் காட்டுக் காவல் பிரிவிலிருந்து அழகேசன் என்கிற காவலர் மொபெட்டில் அவள் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார். பூங்காவனம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பதால், அங்கே வந்திருந்த வேணி வாங்கிப் படித்தாள்.

'பொருள்: காப்புக்காட்டில் அத்துமீறி மேய்ந்த ஆடுகள். காதுவில்லை எண்களைச் சரிபார்த்ததில் மேற்படி ஆடுகள் உமக்குச் சொந்தமானவை எனத் தெரியவருகிறது. அவற்றால் காட்டிலுள்ள மான்களுக்கு இடையூறு ஏற்படுகிறது...'

வேணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யக்கா, மானுக்கு மான் எடைஞ்சலாம்!"

"மேல படி."

'ஆடுகளின் விவரம்: பெரியது ஒன்று, இடது காதில் பழைய கிழிசல். இளையது ஒன்று. இவற்றோடு காதுவில்லை இல்லாத பால்குட்டி ஒன்று. ஆக மொத்தம் மூன்று.'

"திரும்பப் படி," என்றாள் பூங்காவனம்.

வேணி படித்தாள்.

"அந்தக் கடைசிய மட்டும் இன்னொரு வாட்டி படி."

'பால்குட்டி ஒன்று. ஆக மொத்தம் மூன்று.'

பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழகேசனுக்கு அவசரம். "இந்தாங்கம்மா, பதில் எழுதிக் குடுங்க. உங்க ஆடு இல்லைன்னா இல்லைன்னு எழுதிடுங்க, உங்க மேல கேசு வராது. ஆளில்லாத ஆடுன்னு புடிச்சு ஏலத்துல வுட்டுடுவாங்க."

"ஏலம் எடுத்து?"

"ஆட்ட ஏலம் எடுத்து வேற என்னம்மா பண்ணுவாங்க? என் ஆடுதான்னு எழுதுனா மட்டும், வெசாரணை முடியிற வரைக்கும் அதுங்கள யாரும் தொடக் கூடாது. அது முடிய எப்படியும் ஏழெட்டு வருசம் ஆவும். ஆனா குத்தம் உங்க மேல வுழும். அபராதம், கோர்ட்டு, எல்லாம் இருக்கு."

"அப்ப எழுதிக்கிறேன்," என்றாள் பூங்காவனம். வேணியிடம் கொடுக்காமல் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாள். ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து. ஒவ்வொன்றும் தனித்தனியாக, பெரிசு பெரிசாக வந்தது.

'அய்யா, மூணும் என் ஆடு. குட்டியும் என் ஆடு. குத்தம் என்னுது. குட்டிக்கு வில்லை போட வராதீங்க.'

கீழே கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் 'இடம்' என்று ஒரு கோடு காலியாக இருந்தது. அங்கே பேனாவை வைத்தாள். மகரத்துக்குப் பக்கத்தில் காலை நன்றாக நீட்டி இழுத்து, கடைசி எழுத்தை இரண்டே சுழியோடு நிறுத்தி, மான்மேடு என்று எழுதிக் கொடுத்தாள்.